முன்கண்ணாடி மாற்ற யாரிடம் கொடுப்பது: சர்வீஸ் சென்டரா, கண்ணாடிக் கடையா, வாசலுக்கே வருபவரா?

ஒரே காருக்கு இரண்டு தடவை முன்கண்ணாடி மாற்றியிருக்கிறேன். முதல் தடவை வீட்டு வாசலுக்கே வந்து மாற்றிக் கொடுக்கும் ஒருவர், இரண்டாவது தடவை கண்ணாடி வேலை மட்டும் பார்க்கும் ஒரு கடை. நடுவில் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் எஸ்டிமேட் வாங்கி, வேலையை யார் செய்வார்கள், எப்படிச் செய்வார்கள் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு வந்தேன். என் ஓட்டு கண்ணாடிக் கடைக்குத்தான். விலையை வைத்தோ கண்ணாடியின் தரத்தை வைத்தோ இதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் விரல் அகலப் பசை இருக்கிறதே, அதை வைத்துச் சொல்கிறேன். இந்த அலசலில் பாதிக்கு மேல் அந்தப் பசையைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் அடிவாங்கும். அடி சின்னதாக இருந்து, ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே இல்லாமல், ஓரத்தையும் எட்டாமல் இருந்தால் ரெசின் என்ற பிசினை ஏற்றி யூவி (புற ஊதா) விளக்கில் இறுகவைத்துச் சரிசெய்துவிடலாம். முடியுமென்றால் அதையே செய்யுங்கள், ஃபேக்டரியில் போட்ட ஒட்டைக் கலைக்காமல் தப்பிப்பது பெரிய லாபம். எனக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஒரு குளிர்ந்த காலையில் கண்ணாடிப் பனி விலக ஹீட்டரை முழு வேகத்தில் வைத்ததும், அந்தப் புள்ளியிலிருந்து கோடு கிளம்பி என் கண்ணெதிரிலேயே ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் ரெசினுக்கு வேலையில்லை.

எந்தக் கண்ணாடி போடுவது என்பதில்தான் எல்லோரும் நிறையக் குழம்புகிறார்கள். நான் அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கார் கம்பெனி லோகோ போட்ட கண்ணாடி ஒன்று, அதே தயாரிப்பாளர் லோகோ இல்லாமல் விற்பது இன்னொன்று, வேறு தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று செய்வது மூன்றாவது. செயின்ட் கோபைன் செக்யூரிட், ஏஜிசி, பில்கிங்டன், ஃபுயாவ் மாதிரி கம்பெனிகள்தான் கார் கம்பெனிகளுக்கே கண்ணாடி கொடுக்கின்றன. அதனால் இரண்டாவது வகையே எனக்குப் போதும் என்று முடிவுசெய்தேன், இன்றைக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் பழைய கண்ணாடியில் இருந்த வசதிகள் ஒவ்வொன்றும் புதியதிலும் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்: மழை சென்சார் உட்காரும் இடம், கேமரா தாங்கி, சத்தம் குறைக்கும் படலம், ஆன்டெனா. எண்களைக் கண்ணாடியில் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கான கண்ணாடியில் நடுப்படலம் மேலிருந்து கீழே ஆப்பு மாதிரி மெலிந்துகொண்டே வரும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும், அதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

சரி, பசைக்கு வருவோம். கடைக்காரர்கள் பொதுவாக சீலன்ட் என்பார்கள், சரியான பெயர் பாலியூரித்தேன் பசை. மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் டாஷ்போர்டின் மேற்புறத்தைக் கிழித்துக்கொண்டு மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் முட்டி, அங்கிருந்துதான் பயணியை நோக்கித் திரும்புகிறது. கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடிகிற விஷயம் இது. கண்ணாடி அந்த நேரத்தில் பிடிவிட்டு வெளியே போனால் ஏர்பேக்கும் அதோடு வெளியே போய்விடும். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் முன்கண்ணாடிக்குப் பங்கு உண்டு, அந்தப் பங்கையும் அது பசை வழியாகத்தான் செய்கிறது. ஆகவே கண்ணாடியை மாற்றுகிறவர் காரின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு பகுதியைக் கழற்றி மாட்டுகிறார். அவர் எத்தனை பொறுமையாகச் செய்கிறார் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வேலை முடிந்ததும் ஓர ரப்பர் மூடிக்கொள்ளும், எல்லாக் கண்ணாடியும் பளபளவென்றுதான் இருக்கும்.

எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. வாசலுக்கு வந்தவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார், சுத்தமாகப் பெருக்கிவிட்டும் போனார், எனக்கு அப்போது திருப்திதான். ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்து மழைக்குப் பிறகு பயணி பக்கக் கார்பெட்டில் ஈர வாடை வந்தது. ஏசியிலிருந்து வடிகிற நீர் என்று நினைத்து அந்தக் குழாயைச் சுத்தம் செய்து பார்த்தோம், வாடை போகவில்லை. கடைசியில் உள்ளே ஒருவரை உட்காரவைத்துவிட்டு வெளியே கண்ணாடி ஓரத்தில் மெதுவாகத் தண்ணீர் விட்டபோது, பயணி பக்க மேல் மூலையிலிருந்து, கூரையைத் தாங்கும் தூணுக்குள் ஒரு துளி இறங்குவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன், நாற்காலியே போட்டுக் கொடுத்தார்கள். பழைய கண்ணாடியைக் கத்தியால் அறுக்கவில்லை. கண்ணாடிக்கும் காரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய நார்க்கம்பி ஒன்றைச் சுற்றிலும் நுழைத்து, உள்ளே கண்ணாடியில் ஒட்டிய உருளையில் சுற்றி இழுத்து அறுத்தார்கள். இந்த முறையில் பெயின்டில் கீறல் விழ வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணாடியைத் தூக்கியதும் மேல் மூலையைக் காட்டினார்கள். கட்டை விரல் நீளத்துக்குப் பழுப்பாக, பொருக்குப் பொருக்காகத் துரு. அதன் நடுவே நேர்கோடாக ஒரு கீறல். முதல் தடவை கத்தி பெயின்டைத் தாண்டி இரும்பு வரை இறங்கியிருக்கிறது, அதன் மேல் ப்ரைமர் (பசைக்கு முன் பூசும் அடிப்பூச்சு) தொடாமல் நேரே பசையைப் போட்டிருக்கிறார்கள். பசை துருவோடு ஒட்டாது, துரு பரவப் பரவ ஒட்டு உரிந்துகொண்டே போகும். இன்னும் இரண்டு மூன்று வருடம் கவனிக்காமல் விட்டிருந்தால் சட்டத்தையே வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருந்திருக்கும் என்றார் அங்கிருந்த பெரியவர்.

அன்றைக்குக் கண்ணாடி மாட்டவில்லை. துருவைச் சுரண்டித் தேய்த்து, துரு தடுக்கும் ப்ரைமர் அடித்து, பெயின்ட் போட்டு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். ஒரு வண்டியை இரண்டு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவிடுவது அவர்களுக்கு நஷ்டம், இருந்தும் செய்தார்கள்.

மறுநாள் பார்த்ததில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது பழைய பசை பற்றிய விஷயம். அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டால்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சமமாகச் செதுக்கி விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது ஃபேக்டரி பெயின்டோடு நன்றாகப் பிடித்திருக்கும், புதிய பசைக்கு அதைவிட நல்ல தளம் கிடையாது. அப்புறம் புதிய கண்ணாடியைப் பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, கூரைக்கும் கண்ணாடிக்குமாக டேப் ஒட்டி, டேப்பை நடுவில் அறுத்து அடையாளம் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அழகுக்கு என்று நினைப்போம், வெயிலின் யூவி கதிர் பசையை அரிக்காமல் காப்பது அதுதான். அந்தப் பட்டையைத் துடைத்து, ப்ரைமர் தேவைப்படும் இடத்தில் தடவி, காயும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையுறை இல்லாத விரல் அதில் படவே இல்லை, விரலின் எண்ணெய்ப்பசையே ஒட்டைக் கெடுத்துவிடும். பசைக் குழாயின் முனையை வி வடிவில் வெட்டி, முக்கோணக் கரை மாதிரி, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகச் சுற்றிவந்தார் ஒருவர். தொடக்கமும் முடிவும் சேருகிற இடத்தைச் சின்னத் தட்டையால் அழுத்தி ஒன்றாக்கினார். இரண்டு பேர் உறிஞ்சு கைப்பிடியால் கண்ணாடியைத் தூக்கி, டேப் அடையாளத்துக்கு நேராக ஒரே தடவையில் இறக்கினார்கள்.

சிலிக்கான் சீலன்ட் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விலகிவிடுங்கள். அதற்கு இந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கிடையாது, பின்னால் யூரித்தேன் போட நினைத்தாலும் சிலிக்கான் எச்சத்தின் மேல் அது ஒட்டாது.

காயும் நேரம்தான் மூன்று பேரையும் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பசைகளில் பெரும்பாலானவை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி இறுகுபவை. குளிரும் வறண்ட காற்றும் இருந்தால் மெதுவாகும். எப்போதிலிருந்து பாதுகாப்பாக ஓட்டலாம் என்று ஒவ்வொரு பசைக்கும் அதன் தயாரிப்பாளர் நேரம் கொடுத்திருப்பார். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு, சிலவற்றுக்குப் பல மணி நேரம். உள்ளே வரை முழுக்க இறுக அதற்கு மேலும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். கடையில் சுவரில் வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, பசையின் அட்டவணையைப் பார்த்து, நான்கு மணிக்கு முன் சாவி தர மாட்டோம் என்றார்கள். வாசலுக்கு வந்தவர் டேப் ஒட்டிவிட்டு, இப்போதே ஓட்டலாம் சார் என்றார். அவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன், எந்தப் பசை போட்டார் என்று நான் அன்றைக்குக் கேட்கவும் இல்லை.

வாசலுக்கு வருபவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் கூடாது. எனக்கு அது ஒரே ஒரு அனுபவம். மூடிய ஷெட் இருந்து, தூசியும் மழையும் இல்லாமல், வருபவர் ப்ரைமரும் நல்ல பசையும் கொண்டுவந்து, காயும் வரை வண்டியை அசைக்காமல் விடவும் முடிந்தால் அவரிடமே தாராளமாகச் செய்யலாம். வண்டியை ஓட்டவே முடியாத அளவுக்குக் கண்ணாடி நொறுங்கியிருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் என் வீட்டு வாசல் மாதிரி திறந்த தெருவோரம் என்றால் இன்னொரு தடவை செய்யமாட்டேன். ஒரு லாரி போனாலே ப்ரைமர் மேல் தூசி படிந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் பாகம் சரியாக வரும், ஓர ரப்பரும் கிளிப்பும் பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுவார்கள், இன்சூரன்ஸ் வேலையும் சுலபம். ஆனால் கண்ணாடியை ஒட்டுவது யார் என்று நான் கேட்டபோது, வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்றார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. இருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், வெளியாள்தான் வருகிறார் என்றால் அந்தப் பணத்தில் ஒட்டுக்கென்று கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சர்வீஸ் சென்டர் முன்னுக்கு வரும், அது கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார். என் காரில் அது இல்லை, கூட வேலை செய்பவரின் காருக்குச் செய்தபோது உடன் இருந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். லேன் பிடிப்பதற்கும் தானாக பிரேக் போடுவதற்கும் உதவும் அந்தக் கேமராவைக் கண்ணாடி மாற்றியதும் பெரும்பாலான கார்களில் மறுபடி அளவுபடுத்த வேண்டும். சிலவற்றுக்குச் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் பலகை வைத்துச் செய்வார்கள். சிலவற்றுக்குக் கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டிச் செய்வார்கள். இரண்டும் தேவைப்படுகிற கார்களும் உண்டு. கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட காருக்கு, அளவுபடுத்தும் கருவியைத் தானே வைத்திருக்கும் கண்ணாடிக் கடை கிடைத்தால் அங்கே போங்கள், கிடைக்காவிட்டால் சர்வீஸ் சென்டர். எங்கே செய்தாலும் முடிந்ததற்கான ரிப்போர்ட்டை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வந்தபின் முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் அகலம் இறக்கி வைத்திருந்தேன். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளும். இரண்டு நாள் பிரஷர் வாட்டரில் கழுவவில்லை, ஒட்டிய டேப்பை அவர்கள் சொன்ன நேரம் வரை எடுக்கவில்லை. கடந்த இரண்டு மழைக்காலமும் கார்பெட் காய்ந்தே இருக்கிறது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் கடைக்குப் போகுமுன் போனில் நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: என்ன பசை, அதன் காலாவதித் தேதி என்ன, கீறல் விழுந்தால் ப்ரைமர் அடிப்பீர்களா, சாவி எப்போது தருவீர்கள். கடைசிக் கேள்விக்கு, அன்றைக்கு வானிலை எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தால் அங்கேயே வண்டியை விடலாம்.