ஆயாவால் பையைத் தூக்க முடிகிறதா? மூன்று அளவுகோல்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பல வீடுகள் மேட்டில்தான். கீமோ எடுக்கும் ஆயா டாக்சியை விட்டு இறங்கி வாசல்வரை ஏற எத்தனை முறை நின்றார் என்பது டாக்டர் அறையில் தெரியாது. அங்கே பதிவாவது ஈகாக் தரம்: நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்று டாக்டர் பார்த்துப் போடும் 0 முதல் 5 வரையிலான ஓர் எண். அடுத்த கீமோவை உடம்பு தாங்குமா என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் தெம்பு மெல்ல மெல்லக் குறையும்போது அந்த எண் அசையாமலே நிற்கலாம்.

ஆகவே ஆயாவையே கேட்க வேண்டும். எந்தப் படிவத்தில்?

புற்றுநோயாளியின் வாழ்க்கைத்தரத்தைக் கேட்கும் படிவம் கியூஎல்கியூ-சி30 (சுருக்கமாக சி30). அதன் முதல் ஐந்து கேள்விகள் உடலியக்கத்துக்கானவை: பாரமான பை தூக்குவது, நெடுநடை, வெளியே சிறுநடை, பகலில் படுக்கை அல்லது நாற்காலி, உண்ண உடுத்தக் குளிக்கப் பிறர் உதவி. ஒவ்வொன்றுக்கும் 1 (இல்லவே இல்லை) முதல் 4 (மிக அதிகம்) வரை பதில். சராசரியை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றுவார்கள்; கூடினால் தெம்பு கூடுதல். பதில்கள் 3, 3, 1, 2, 1 என்றால் சராசரி 2, மதிப்பெண் 66.7. அடுத்த முறை பைக்கு மட்டும் 4 என்றால் 60. ஒரு பதில் ஒரு படி நகர்ந்தாலே 6.7 புள்ளி போகிறது. 10 புள்ளி மாறினால் கவனி என்பது பொது வழக்கம். அப்படியானால் இரண்டு படி இறங்கும்வரை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

உடலியக்கத்தை மட்டும் கேட்கும் இன்னொரு படிவம் புரோமிஸ் 4ஏ. அதில் நான்கே கேள்வி: வீட்டுவேலை, மாடிப்படி, 15 நிமிட நடை, கடைகண்ணி. பதில்கள் ஐந்து படி. அமெரிக்கப் பொதுமக்களின் சராசரி 50 என்று வைத்து மதிப்பெண் வரும். குளியல், உடை பற்றி அதில் கேள்வியே இல்லை.

பெரிய வித்தியாசம் கேள்வியின் வினைச்சொல்லில் இருக்கிறது. சி30 "சிரமம் உண்டா?" என்கிறது. மார்க்கெட் பையைப் பேரன் தூக்கிவரும் வீட்டில் ஆயா "இல்லையே" என்பார். மதிப்பெண் பொய்யாக உயரும். புரோமிஸ் "உங்களால் முடிகிறதா?" என்கிறது. நடமாடிக்கொண்டு கிளினிக் வருபவருக்கு அதனால் புரோமிஸே மேல். படுக்கையோடு இருப்பவருக்கு, குளியல், உடை பற்றிக் கேட்கும் சி30.

எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். இரண்டின் எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஊசிக்கு முன், டாக்டரைப் பார்க்கும் முன் கேளுங்கள். சி30-இல் ஐந்தில் குறைந்தது மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போடக்கூடாது. புரியவில்லை என்றால் கேள்வியை அப்படியே திரும்ப வாசியுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். மருமகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் படிவத்தின் ஓரத்தில் அதைக் குறித்துவையுங்கள்: வீட்டார் பெரும்பாலும் நோயாளியின் தெம்பை அவர் சொல்வதைவிடக் குறைத்தே சொல்வார்கள்.