காலி வீட்டின் கரண்ட் கணக்கு: மதுரைப் பயணத்தில் முடித்த வேலைகள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் வாடகை, அட்வான்ஸ், வீட்டு வரி எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொள்கிறோம். ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வரும் வரை கரண்ட் யார் பொறுப்பு என்பதை மட்டும் பெரும்பாலும் பேசுவதில்லை. நம் ஊரில் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். உள்ளே குடியிருப்பவர் மாறியது ஈபி கணக்கில் எங்கும் பதிவாகாது. சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மின்கணக்கு என் பெயரில் இருக்கிறது. சாவி வாங்கியபோது அங்கு மின்கணக்குகளைக் கவனிக்கும் எஸ்பி சர்வீசஸில் நானே கணக்குத் திறந்து டெபாசிட் கட்டினேன். காலி செய்யும்போது மூடிவிட்டால் போதும், அடுத்து வருபவர் தன் பெயரில் திறந்துகொள்வார். மதுரையில் அந்தப் பிரிவினையை வீட்டுக்காரர்தான் செய்தாக வேண்டும். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது இந்த வேலைகளைத்தான் முடித்து வந்தேன். என்னைப் போலத் தொலைவில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு நத்தம் சாலைப் பக்கம், அந்த நீள மேம்பாலத்துக்கு அருகே. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன், இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ், அதாவது தனித்தனி மின் இணைப்பு. கீழ் வீட்டுக்காரர் ரீடிங் எடுத்த சில நாட்களில் காலி செய்து திருப்பூர் போய்விட்டார், அந்த பில்லைக் கட்டாமலே. ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். நினைவூட்டும் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, ஆனால் சர்வீஸில் பதிவாகியிருந்தது அவருடைய எண். கெடு முடிந்ததும் லைன்மேன் வந்து கரண்டைத் துண்டிக்க பியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். காலி வீட்டில் கரண்ட் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? மாடி வீட்டு அக்காதான் கூப்பிட்டார்: “தம்பி, மோட்டார் ஓடலை. டேங்க்ல தண்ணியே இல்லப்பா.”

அவர் வீட்டில் விளக்கு, ஃபேன் எல்லாம் ஓடுகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. சிங்கப்பூரிலிருந்தே பில்லைக் கட்டினேன். இப்போது இது எளிது. 2023 முதல் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் ஆகிய இடங்களின் செல்பேசி எண்ணையே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த அனுமதி இருக்கிறது. உங்கள் வங்கி அதற்கு வழி செய்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பில் கட்டத் தேவைப்படுவது சர்வீஸ் எண் ஒன்றுதான், மதுரை மண்டலம் என்றால் 05 என்று ஆரம்பிக்கும். பணம் ஏறிய பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, அதாவது 94987 94987 என்ற எண்ணுக்கு, மாடி வீட்டு அக்காவை விட்டுப் பேசச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, புகார் எண் கொடுத்தார்கள். லைன்மேன் வந்து கேரியரை மாட்டியதும் டேங்க் நிறைந்தது. அந்த சேவைக்கு மனமார நன்றி.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எலக்ட்ரீஷியனை வரச்சொன்னேன். அலங்காநல்லூர் பக்கத்துப் பையன், வேலையில் நிதானம். அவர் செய்து காட்டிய ஒரு சோதனையை வாடகைக்கு வீடு விட்டிருக்கும் எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். கீழ் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றோம். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், கரண்ட் ஓடினால் விட்டுவிட்டு மின்னும், அதிகம் ஓடினால் வேகமாக மின்னும். மெயின் அணைந்திருந்ததால் அது மின்னவில்லை. பிறகு மாடியில் மோட்டார் சுவிட்சைப் போடச் சொன்னார். சிவப்பு விளக்கு படபடவென்று மின்ன ஆரம்பித்தது. “பாருங்கண்ணே, மெயினுக்கு முன்னாடியே தனியா ஒரு லைன் எடுத்து மோட்டாருக்குக் கொடுத்திருக்காங்க.” வீடு கட்டிய காலத்தில் மாடி கிடையாது, மோட்டார் கீழ் சர்வீஸிலேயே நின்றுவிட்டது.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். வீடுகளுக்கு 2016இல் வந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இறைக்கும் தண்ணீருக்கே போய்க்கொண்டிருந்தது. கீழே குடியிருந்தவர்கள் இத்தனை வருடம் அதைச் சுமந்திருக்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டில் மோட்டாரை இரண்டு சர்வீஸுக்கும் மாற்றி மாற்றிப் போட ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினோம். ஒரு மாதம் கீழ் சர்வீஸில், ஒரு மாதம் மாடி சர்வீஸில் மோட்டார் ஓடும். கீழ் வீடு காலியாக இருக்கும்போது முழுக்க மாடி சர்வீஸில். அந்த நாட்களுக்கான தொகையை மாடி வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், காலி வீட்டுப் பங்கு என்னுடையது.

அதே கையோடு பின்பக்கம் எர்த் குழியைத் திறந்து பார்த்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது. உப்பும் கரியும் போட்டு மூடிய குழி, அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால்தான் எர்த் வேலை செய்யும். குடியிருப்பவர் இருந்தால் துணி துவைக்கும் தண்ணீராவது அந்தப் பக்கம் போகும், காலி வீட்டில் அதுவும் இல்லை. இரண்டு குடம் ஊற்றி ஊறவிட்டு மறுபடி சோதித்தார். பழைய போர்டில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் அணையும் எம்சிபி மட்டும் இருந்ததால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னேன். கசிவு வந்தால் உடனே அணைந்துவிடும். மழையில் ஈரம் ஏறும் சுவரும், எலி கடிக்கும் வயரும் உள்ள வீட்டில் இன்னொருவர் குழந்தைகளோடு குடிவரப் போகிறார் என்றால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

உறவினர் ஒருவர், “ஆள் வர்ற வரைக்கும் சர்வீஸையே சரண்டர் பண்ணிடேன்” என்றார். வேண்டவே வேண்டாம். வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணத்தை 2022லேயே எடுத்துவிட்டார்கள், 100 யூனிட்டுக்குள் இருந்தால் பில்லே கிடையாது. வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு இரவு முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்டைத் தாண்டாது. ஆள் இல்லாத வீடு இருட்டாகக் கிடப்பதைவிட அந்த வெளிச்சம் எவ்வளவோ பாதுகாப்பு. மீட்டர் மட்டும் வெளியே, ரீடிங் எடுக்க வருபவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். பூட்டிய கேட்டுக்குள் இருந்தால் பழைய கணக்கை வைத்து ஒரு தொகை போட்டுவிட்டுப் போவார்கள், அதை அப்புறம் சரிசெய்வது நமக்குத்தான் அலைச்சல்.

அடுத்தது பில்லைப் பிரிப்பது. இதில்தான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் மனக்கசப்பு வருகிறது. இரண்டு மாதக் கணக்கின் நடுவில் வீடு கைமாறினால் பழையவர் 310 யூனிட் ஓட்டியிருப்பார், புதியவர் மீதி நாட்களில் 240 ஓட்டுவார். தனித்தனியாக இருவருமே 500க்குள். மீட்டருக்கு அது 550. 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். இந்தக் கூடுதலை வருகிறவர் தலையில் கட்டுவதுதான் ஊர்வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் இருவரிடமும் அவரவர் யூனிட்டைத் தனி பில்லாகப் பாவித்து, இலவச யூனிட்டை நாள் கணக்கில் பங்கிட்டு வாங்குகிறேன், அடுக்கு மாறியதால் வரும் வித்தியாசம் என் செலவு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று ஒரே விலை வாங்குகிறவர்கள் இலவச யூனிட்டையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அரசு குடியிருப்பவருக்குக் கொடுப்பது அது, நாம் எடுக்கக் கூடாது. முடிந்தால் ரீடிங் எடுக்கும் தேதியை ஒட்டிச் சாவி கைமாறும்படி பேசிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு ஒற்றைப்படை மாதமா, இரட்டைப்படை மாதமா என்று ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

ஈபி அலுவலக வேலை இரண்டு இருந்தது. பதிவான செல்பேசி எண்ணை மாற்றுவது ஒன்று. அப்பா பெயரில் இருந்த சர்வீஸ்களை என் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. செட்டில்மென்ட் பத்திரமும் என் பெயரிலான வீட்டு வரி ரசீதும் இருந்ததால் ஆன்லைனிலேயே விண்ணப்பித்தேன். கவுன்டரில் இருந்த அம்மா ஒரு காகிதத்தை ஸ்கேன் சரியில்லை என்று அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லி, என்னை இன்னொரு நாள் வரவழைக்காமல் முடித்துக் கொடுத்தார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளை மட்டும் முன்கூட்டியே பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். குறுகிய விடுப்பில் வருகிறவர்களுக்கு ஒரு பகல் வீணாவது பெரிய நஷ்டம்.

புதிதாக வந்திருப்பவர்கள் மேலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் குடும்பம். சாவி கொடுக்கும் முன் அவர்களை மீட்டர் முன்னால் அழைத்துப்போனேன். திரையில் தேதி, வோல்ட்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும், கேடபிள்யூஹெச் (kWh) என்று வரும் எண்தான் யூனிட். அது வரும் வரை காத்திருந்து அவர்கள் போனிலும் என் போனிலும் படம் எடுத்தோம். ஒப்பந்தத்தில் அந்த எண்ணையும், பில் கட்டிய ரசீதை எனக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், காலி செய்யும் நாளில் இதேபோல் படம் எடுத்து அட்வான்ஸ் திருப்பும்போது கணக்கு முடிப்பதையும் எழுதிச் சேர்த்தேன். சார் யோசித்துவிட்டு, “கீசர் மாட்டிக்கலாமா?” என்று கேட்டார். அந்தக் குளியலறை வயர் பழையது, கீசரைத் தாங்காது. போர்டிலிருந்து தனி லைன் இழுத்து 16 ஆம்ப் பாயின்ட் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளுங்கள், லைன் செலவு என்னுடையது என்றேன். அலங்காநல்லூர் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.