அரிஸ்டாட்டிலுக்கே முட்டை போட்ட வகுப்பு

பண்டைய கிரேக்கத் தர்க்கத்தில் காலமும் கட்டாயமும் பற்றிய ஆன்லைன் பாடத்தொகுப்பு இது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்று படித்தால் புரியும்.

முதலில் நல்லது. சாக்ரடீஸ் மனிதர், மனிதர் எல்லாம் சாகிறவர் என்று புளித்துப்போன உதாரணத்தில் பொழுதை ஓட்டாமல், அரிஸ்டாட்டில் 'கட்டாயம்', 'சாத்தியம்' இரண்டையும் முக்கூற்று வாதத்துக்குள் (இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறுவது) கொண்டுவந்து தானும் திணறி நம்மையும் திணறடிக்கிற இடத்துக்கே ஆசிரியர் நேராகப் போய்விடுகிறார். நான்காம் பாடம்தான் மொத்தத்துக்கும் உயிர். முடிவுக்கு அடிப்படையாக வைக்கிற இரண்டு எடுகூற்றுகளில் முதலாவது கட்டாய உண்மை (வேறு மாதிரி இருக்கவே முடியாது), இரண்டாவது வெறும் உண்மை (அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்) என்றால் முடிவு என்ன? கட்டாயம்தான் என்கிறார் அரிஸ்டாட்டில். அவருடைய மாணவர்கள் தியோஃபிராஸ்டஸும் யூடெமஸும் ஒத்துக்கொள்ளவில்லை, எது பலவீனமான கூற்றோ முடிவும் அதன் அளவுக்குத்தான் என்றார்கள். தியோஃபிராஸ்டஸின் உதாரணம் இது: மனிதர் கட்டாயமாக விலங்கு; இப்போது நகர்கிறவை எல்லாம் மனிதர் என்று வையுங்கள்; அதற்காக நகர்கிறவை எல்லாம் கட்டாயமாக விலங்கு என்று ஆகிவிடுமா?

அரிஸ்டாட்டிலோ இந்த வாதங்களைப் பற்றிய தன் நூலான 'Prior Analytics' முதல் புத்தகத்தின் 15ஆம் அத்தியாயத்தில், 'எல்லா' என்று தொடங்கும் கூற்றை 'இப்போது' என்று ஒரு நேரத்துக்குள் அடைக்கக் கூடாது என்கிறார். சரி, அப்படியானால் தியோஃபிராஸ்டஸின் உதாரணம் செல்லாது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த அடுத்த நிமிடமே, 9ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டிலே 'விலங்குகள் எல்லாம் நகர்கின்றன' என்பதை எடுகூற்றாக வைத்து ஒரு எதிர் உதாரணம் சொல்வதை ஆசிரியர் எடுத்துக் காட்டினார். அதுவும் ஏதோ ஒரு நேரத்துக்கு மட்டும் பொருந்துகிற கூற்றுதானே! அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்தேன்.

'நாளை கடற்போர் நடக்கும்' என்பது இன்றே உண்மையா என்று அரிஸ்டாட்டில் கேட்ட கேள்வி பற்றிய பாடம் பரவாயில்லை, எல்லோரும் சொல்வதுதான். இன்னொரு கிரேக்கத் தர்க்கவாதியான டயோடோரஸ் குரோனஸை மட்டும் பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள், அது அநியாயம். நடந்து முடிந்தது கட்டாயம். சாத்தியமானதிலிருந்து சாத்தியமில்லாதது பிறக்காது. இப்போதும் இல்லாமல் இனியும் நடக்காமல் போகிற ஒன்றும் சாத்தியமே. இந்த மூன்றும் ஒன்றாக நிற்காது என்று காட்டி, அவர் மூன்றாவதைத் தள்ளினார். ஸ்டோயிக் தத்துவவாதிகளில் கிளியாந்தஸ் முதலாவதையும் கிரிசிப்பஸ் இரண்டாவதையும் கைவிட்டார்கள். ஒரு முழுப் பாடத்துக்கான சண்டை இது.

இனி குறைக்கு வருவோம். தேர்வில் மேலே சொன்ன அதே கேள்வி, 'அரிஸ்டாட்டில்படி முடிவு என்ன' என்று வந்தது. 'கட்டாயம்' என்று போட்டேன். தவறாம், முட்டை! 'முடிவு பலவீனமான கூற்றைத்தான் பின்தொடரும்' என்று கீழே விளக்கம் வேறு. அது தியோஃபிராஸ்டஸ் சொன்னதய்யா, உங்கள் நான்காம் பாடத்தை நீங்களே ஒரு தடவை பாருங்கள். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, விடை இன்னும் மாறவில்லை.

சேர்கிறவர்கள் சேருங்கள், நான்காம் பாடத்துக்காகவே சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்கு மட்டும் தியோஃபிராஸ்டஸின் பதிலைப் போட்டுவிடுங்கள், இரண்டாம் முறை எழுதியபோது நானும் அதைத்தான் போட்டேன்.