முதல் மிக்ஸை யாரிடம் போட்டுக் காட்டுவது?

மாடியறையில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் பதிவு செய்து, லேப்டாப்பில் அவற்றை அளவாகச் சேர்த்து ஒரே பாட்டாக்கும் மிக்ஸும் ஒருவழியாக முடித்தாயிற்று. இனி யாராவது கேட்டுக் குறை சொல்ல வேண்டும். மதுரையில் புதிதாகத் தொடங்கும் பேண்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள்: கூட வாசிக்கும் பசங்க, வாட்ஸ்அப் சொந்தபந்தம், திருவிழாவுக்கு மைக் செட் போடும் அண்ணன், காசு வாங்கிக்கொண்டு கேட்டுச் சொல்லும் ஸ்டூடியோ இன்ஜினியர். இவர்களோடு, ஏற்கெனவே வெளியான ஒரு நல்ல பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஆளே இல்லைதான். ஆனாலும் முதல் இடம் அதற்குத்தான் கொடுப்பேன்.

பேண்ட் பசங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிட்டார்காரருக்குக் கிட்டார் கம்மி, டிரம்மருக்கு ஸ்னேர் கம்மி, பாடுகிறவருக்குத் தன் குரல் மட்டும் ஏனோ அதிகம். எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம் என்பதால், வரி அமுங்கிப் போயிருந்தாலும் அவர்கள் காதில் அது தானாக நிரம்பிவிடும். தாளம் நழுவிய இடத்தையும் தப்பான டேக்கையும் (ஒரு தடவை வாசித்த பதிவு) பிடிக்க இவர்களை விட்டால் ஆளில்லை. எது எவ்வளவு கேட்க வேண்டும் என்கிற பேலன்ஸ் விஷயத்தில் மட்டும் இவர்களிடம் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள்.

சொந்தபந்தத்தை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் அதிகம். வருகிற பதில் ‘சூப்பர் தம்பி’ மட்டும்தான், உண்மை. ஆனால் குறை நாம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? மேலூரில் இருக்கும் என் சித்தியிடம், காதில் விழுகிற வரிகளை அப்படியே எழுதித் தரச் சொன்னேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினார். பல்லவி முழுசாக இருந்தது. இரண்டாம் சரணத்தில், கரகரப்பு ஏற்றிய டிஸ்டார்ஷன் கிட்டார் நுழைகிற இடத்தில், இரண்டு வார்த்தைக்குப் பதில் வெறும் கோடு. குரல் எங்கே அமுங்குகிறது என்று இதைவிடத் துல்லியமாக எந்த நிபுணரும் காட்ட முடியாது.

பாட்டை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்போதுதான் கோப்பு சுருங்காமல் போய்ச் சேரும். அப்புறம், போனில் கேட்டுவிட்டு “பேஸே இல்லையே” என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி தருவது 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது.

இனி, வெளியான பாட்டு. உங்கள் பேண்டைப் போலவே நாலு கருவி, ஒரு குரல் உள்ள பாட்டாக எடுங்கள். அறுபது வயலின் வாசித்த சினிமாப் பாட்டோடு ஒப்பிட்டால் மனசுதான் உடையும். அதை உங்கள் மிக்ஸோடு மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். சத்தம் கூடினால் அடி ஒலியும் உச்ச ஒலியும் காதுக்கு நிறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. வெளியிடும் முன் கடைசியாகச் செய்யும் மெருகேற்றல், அதாவது மாஸ்டரிங் ஆன பாட்டு எப்படியும் உரக்கத்தான் இருக்கும். ஆகவே உங்கள் மிக்ஸை ஏற்றாமல், அந்தப் பாட்டை இறக்குங்கள்.

இந்த வழியை முதலில் வைப்பதற்குக் காரணம் அறை. நம் ஊர் மாடியறைகள் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி. அந்த அளவில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை அப்படியே மீட்டினால் வருவது 55. சுவரை ஒட்டி உட்கார்ந்து மிக்ஸ் பண்ணுகிறவருக்கு அந்த ஸ்வரம் மட்டும் கும்மென்று ஏறும், பேஸைக் குறைத்துவிடுவார். அறை நடுவில் உட்காருகிறவருக்கு அதே ஸ்வரம் காணாமல் போகும், கூட்டிவிடுவார். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் தொல்லை இரட்டிப்பு. ஆனால் வெளியான பாட்டும் அதே அறையில்தானே ஒலிக்கிறது? அறை செய்கிற கோளாறு இரண்டுக்கும் பொது. இரண்டுக்கும் நடுவே தெரிகிற வித்தியாசம் உங்கள் மிக்ஸுடையது.

மைக் செட் அண்ணன்களை இந்த விஷயத்தில் யாரும் தேடிப் போவதில்லை. போக வேண்டும். சித்திரையிலும் ஆடியிலும் அவர்களைப் பிடிக்கவே முடியாது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஓரளவு சிக்குவார்கள். ஒத்தக்கடைப் பக்கம் ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். முழுப் பாட்டையும் கேட்கவில்லை. பாதியிலேயே, “தம்பி, பாடுறவரு கிணத்துக்குள்ள நிக்கிறாரு, வெளிய எடுங்க. இருநூத்தம்பதுல கொஞ்சம் இறக்குங்க” என்றார். எக்கோவும் ரிவெர்பும் (குரலோடு சேர்க்கிற எதிரொலியும் முழக்கமும்) தூக்கல் என்று அர்த்தம். குரல் அடைத்துக் கேட்கிற இடத்தையும் 250 ஹெர்ட்ஸ் என்று எண்ணாகவே சொல்லிவிட்டார். ஒலியைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் 31 பட்டையை வருஷக்கணக்காகத் தள்ளிய கை. அப்புறம் கேட்டார்: “ரெண்டு கிட்டாருன்னீங்க, இன்னொன்னு எங்க?”

அவருடைய செட் மோனோ, அதாவது இடதும் வலதும் கலந்து ஒரே ஒலியாகத்தான் வரும். ஒரே கிட்டார் டேக்கைப் பிரதி எடுத்து, சில மில்லி செகண்ட் தள்ளி, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைக்கிற குறுக்கு வழி ஹெட்போனில் விசாலமாகக் கேட்கும். மோனோவில் இரண்டும் ஒன்றையொன்று அரித்துவிடும், மிஞ்சுவது சன்னமான ஒலிதான். பல ப்ளூடூத் ஸ்பீக்கர்களும் மோனோதான் என்பதால், இது திருவிழாப் பந்தலோடு போகிற பிரச்சினை இல்லை. இரண்டாவது தடவை நிஜமாகவே வாசித்துப் பதிவு செய்வதுதான் மாற்று.

அவர் காதுக்கும் சாய்வு உண்டு. தெருவும் சுவர்களுமே எதிரொலியைச் சேர்த்துவிடும் இடத்தில் வேலை பார்ப்பவர், குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும் என்பார். ராக் பேண்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிட்டார் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

ஸ்டூடியோ இன்ஜினியரிடம் கடைசியாகப் போங்கள். ஒலி தேங்காதபடி சுவரைப் பதப்படுத்திய அறை, பழகிய ஸ்பீக்கர், பழகிய காது மூன்றும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் வெளியான பாட்டோடு ஒப்பிடாமல் போனால், ‘பேஸ் கூட இருக்கு’ என்ற ஒரு வரிக்காக ஒரு மணி நேரக் காசு கொடுப்பீர்கள். கோப்பை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். டிராக்குகளைத் தனித்தனியாகவும், எல்லாம் சேர்கிற மாஸ்டர் சேனலில் உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் -6 டெசிபல் அளவில் நிற்கும் 24 பிட் வேவ் மிக்ஸ் ஒன்றும் கொண்டுபோங்கள். ஓர் இடத்தில், பாட்டு ஒரு நிமிடம் ஓடுவதற்குள், “முழுசா எங்ககிட்டயே குடுத்துடுங்க, மிக்ஸ் பண்ணித் தர்றோம்” என்றார்கள். அது வியாபாரம், கருத்து இல்லை. கருத்து மட்டும் வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இவர்கள் ஒருவருக்கொருவர் முரண்படுவார்கள். அண்ணன் குரலைக் கூட்டச் சொல்வார், இன்ஜினியர் கிட்டாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை குறைக்கச் சொல்வார். சித்தி கோடு போட்ட அதே இடத்தைத்தான் (எங்கள் பாட்டில் 1 நிமிடம் 42 நொடி) இருவரும் சுட்டுகிறார்கள் என்றால் இடம் உறுதி. மருந்து யாருடையது என்பதை இரண்டையும் செய்துபார்த்து முடிவு செய்யலாம். எங்களுக்குப் பலித்தது இன்ஜினியர் சொன்னது.

திருத்திய மிக்ஸை மறுபடி போட்டுக் காட்டும்போது பழையதையும் கூடவே போடுங்கள். எது புதுசு என்று சொல்லக் கூடாது, சத்தமும் சமமாக இருக்க வேண்டும். கேட்கிறவர்கள் பழையதையே கை காட்டினால் திருத்தத்தைத் தூக்கிவிடலாம். அதற்காகவே ஒவ்வொரு தடவையும் கோப்பைத் தேதி போட்டு, வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.