விட்டுக்கொடுப்பதா, விடாப்பிடியா?

அரசியலில் எதிரணியோடு சமரசம் செய்வதா, மறுத்து நிற்பதா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2022 நவம்பர் மலேசிய நாடாளுமன்றத் தேர்தலில் 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்கான 112 கிடைக்கவில்லை. பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி, அதுவரை எதிர்த்துவந்த தேசிய முன்னணியோடு சேர்ந்தது, பக்காத்தானின் அன்வார் இப்ராகிம் பிரதமரானார். இன்னொரு கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் சேர மறுத்து எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது.

மறுத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அவர்களுடைய வாக்காளர்கள் கைவிடவில்லை: 2023 ஆகஸ்டில் திரங்கானு மாநிலத் தேர்தலில் 32 தொகுதிகளும் அவர்களுக்கே.

ஆனால் சட்டம் வேண்டுமே! அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் தேவை. பிடிவாதத்தால் அந்த எண்ணிக்கை வராது. 2021 செப்டம்பர் 13-இல் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசும் எதிர்க்கட்சியாக இருந்த பக்காத்தானும் எழுத்தில் உடன்பாடு கண்டன. பக்காத்தான் அமைச்சர் பதவி வாங்கவில்லை, சீர்திருத்தம் கேட்டது. 2022 ஜூலையில் கட்சித் தாவல் தடைத் திருத்தம் 209 வாக்குகளோடு மக்களவையில் நிறைவேறியது. 2020-இல் தாவலால் ஓர் அரசே கவிழ்ந்ததைப் பார்த்த நமக்கு இது சின்ன விஷயமா?

என் ஆதரவு இப்படி எழுதிக் கையெழுத்திட்ட சமரசத்துக்குத்தான். நாற்காலிப் பங்கீட்டுக்கு அல்ல. வேலையும் மிச்சமிருக்கிறது. தனி உறுப்பினர் தாவினால் இடம் போகும். கட்சியே கூட்டணி மாறினால் போகாது. அந்த ஓட்டையை அடைக்க இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.