பழைய கேரவனைப் பிரித்துக் கட்டிக் கொடுத்த குன்னூர்ப் பட்டறை: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையோரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. தேயிலை ஏற்றும் சிறு லாரிகளுக்கும் பள்ளி வேன்களுக்கும் டிங்கரிங் வேலையும் பாடி வேலையும் செய்வதே அங்கு அன்றாடத் தொழில். எங்களுடைய பழைய கேரவனை முழுமையாகப் பிரித்துத் திரும்பக் கட்டியது அங்கேதான். வண்டி கைக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழைக்காலங்களையும் ஓர் உறைபனிக் காலத்தையும் அது பார்த்துவிட்டது. கைக்கு வந்த வாரமே எழுதியிருந்தால் மெத்தை உறையையும் விளக்குகளையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். நீலகிரியில் ஒரு வண்டி வேலை நன்றாக நடந்திருக்கிறதா என்பதை மழைதான் சொல்ல வேண்டும் என்பதால் காத்திருந்தேன்.

வண்டி 2010ஆம் ஆண்டில் பதிவான டெம்போ டிராவலர். முதல் உரிமையாளர் காலத்திலேயே சமவெளியில் கேரவனாக மாற்றப்பட்டு, பதிவுச் சான்றிலும் அவ்வாறே குறிக்கப்பட்டிருந்தது. நாங்கள் வாங்கியபோது உள்ளே பளபளப்பாக இருந்தது. கோத்தகிரிக்குக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்திலேயே தரைவிரிப்பிலிருந்து ஓத வாடை கிளம்பியது. படுக்கைப் பலகையின் அடியில் பூசணம் பிடித்தது. சமவெளியில் இருந்த வேறொரு பட்டறையில் எழுபதாயிரம் ரூபாய் செலவழித்துச் சரிசெய்தோம். அவர்கள் துருவின் மேல் பட்டி பூசி, பழைய பிளைவுட்டின் மேல் புதிய வினைல் விரிப்பை ஒட்டி, வண்ணமடித்துத் தந்தார்கள். ஆறு மாதங்களில், கதவருகே கால் வைத்த இடத்தில் தரை உள்வாங்கியது. என் மனைவியின் கால் கணுக்கால்வரை இறங்கியது. நல்லவேளையாக அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது.

அதனால் குன்னூர்ப் பட்டறைக்குப் போனபோது எனக்கு எவர் சொல்லிலும் நம்பிக்கை இல்லை. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். மேஸ்திரி வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "தரையப் பிரிக்காம விலை சொன்னா அது பொய் சார். பிரிச்சுக் காட்டுறேன், பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பிரித்துப் பார்ப்பதற்கு நாலாயிரம் ரூபாய்; வேலையை அவரிடமே கொடுத்தால் அத்தொகை கழிக்கப்படும். இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அந்த நாலாயிரம் ரூபாய்தான். பழைய வண்டியில் செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் விலை சொல்பவர், பார்க்காத இடத்தைப் பட்டி பூசி மூடப்போகிறவராகவே பெரும்பாலும் இருப்பார்.

பிரித்தபோது, இரண்டு குறுக்குச் சட்டங்கள் விரலால் குத்தினாலே உதிரும் நிலையில் இருந்தன. அதற்கான காரணத்தை மேஸ்திரி கண்டுபிடித்த விதம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. வண்டியின் அடிப்பகுதியில், உள்ளே புகும் நீர் வழிந்து வெளியேறுவதற்காகத் தயாரிப்பாளரே சிறு துளைகளை விட்டிருப்பார். முன்பு யாரோ துருவைத் தடுக்க அடித்த கருநிறப் பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிட்டது. கூரையிலிருந்து கசிந்த நீர் சுவருக்குள் இறங்கி, வெளியேற வழியின்றிச் சட்டத்தின் மேலேயே தேங்கி நின்றிருக்கிறது. துருவைத் தடுக்கச் செய்த வேலையே துருவை வளர்த்திருக்கிறது. மேஸ்திரி அரித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார். அதன்பின் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுத் திறந்து, என்னை அடியில் உட்காரவைத்து, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். நீர் வரவேண்டிய இடத்தில் வந்து சொட்டியது. எந்த ரசீதும் அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை தந்திருக்காது.

கூரையிலும் இதே பொறுமையைக் கண்டேன். காற்றுப்போக்கியின் விளிம்பைச் சுற்றி, கசிவு வரும்போதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலிகான் பூசப்பட்டிருந்தது. பழைய சிலிகானின் மேல் புதிய பூச்சு எதுவும் சரியாக ஒட்டாது. அதைத் துளிகூட மிச்சமின்றிச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் ஓர் ஆள் இரண்டு நாட்கள் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். பிறகு பிசுபிசுப்பான ரப்பர் போன்ற பியூட்டைல் பட்டையை அடியில் வைத்துத் திருகி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் இட்டார்கள். பதினான்கு மாதங்களில் கூரையிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்துவிட்டால் போதும் என்று சமவெளியில் வண்டி கட்டுபவர்கள் நினைக்கலாம். மலையில் அது பாதி வேலைதான். டிசம்பர், சனவரி இரவுகளில் உதகையின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுகிறது. கோத்தகிரியிலும் குளிர் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தில் மூடிய வண்டிக்குள் இருவர் தூங்கினால், அவர்களின் மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் வெளிவரும் நீராவி குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது. தகடு வியர்ப்பதாக எங்கள் ஊரில் சொல்வோம். அடுப்பும் சேர்ந்துகொள்ளும்: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. குளிருக்காக சன்னலை மூடிக்கொண்டு காப்பி போடுபவர்கள் தங்கள் சுவருக்குத் தாங்களே நீர் ஊற்றுகிறார்கள்.

பழைய அமைப்பில் சுவருக்குள் கம்பளம் போன்ற கனிமப் பஞ்சு திணிக்கப்பட்டிருந்தது. பிரித்தபோது அது நனைந்த சாக்கைப் போலக் கனத்தது. மேஸ்திரி அதை முழுவதும் எறிந்துவிட்டு, நீரை உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகளைக் கொண்ட நைட்ரைல் ரப்பர் விரிப்பைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டினார். இடைவெளி இருந்தால் அங்கே ஈரக்காற்று புகுந்து வியர்க்கும் என்பதால், கூரை வளைவுகளில் சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. தரைக்கு ஐ.எஸ். 710 தரக்குறியுள்ள மரைன் பிளைவுட். அதன் வெட்டு விளிம்புகள் அனைத்திலும் எபாக்சி பூச்சு. சட்டத்துக்கு இங்கே மலிவாகக் கிடைக்கும் சில்வர் ஓக் மரத்தைப் பயன்படுத்தலாமே என்று நான்தான் கேட்டேன். தோட்டத்தில் நிழலுக்கு நல்ல மரம், ஈரத்தில் நிற்காது என்று மறுத்து, அலுமினியக் குழாய்ச் சட்டம் வைத்தார். எடையும் அதனால் குறைந்தது.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலமாரிகளுக்கு அழகான கனமரப் பலகையும் கல் மேடையும் கேட்டிருந்த எங்களிடம், வண்டியை எடை மேடையில் ஏற்றிய சீட்டைக் காட்டி, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் மேஸ்திரி. அன்றே கல் மேடை ஆசையை விட்டோம். இப்போது 80 லிட்டர் தண்ணீர், சாமான்கள், இருவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,400 கிலோ. இந்த எடை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், 150 லிட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்க வேண்டும். எஞ்சியது பிரேக்கில் வெப்பமாகிறது. இரண்டாம் கியரில் இறங்க வேண்டும் என்று மலைக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறைந்து, இறக்கத்தில் மிதி பஞ்சுபோல் அமுங்கிவிடும். பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கறுத்திருந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர்கள், பிரேக் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிய பிறகே உள்வேலையைத் தொடங்கினார்கள். கட்டில் செய்வதற்கு முன் பிரேக் செய்யும் பட்டறை என்பது இதன் இரண்டாவது சிறப்பு.

மின்வேலையில் அதே தரம் இல்லை. பட்டறையில் மின்பணியாளர் கிடையாது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் செய்கிறார்கள். அவர் வீட்டு மின்சாரத்துக்குப் பழகியவர். பன்னிரண்டு வோல்ட் குளிர்பெட்டிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஆறு மீட்டர் தூரம் இழுத்திருந்தார். 230 வோல்ட்டில் இந்தக் கம்பி போதும். பன்னிரண்டு வோல்ட்டில், போக வர பன்னிரண்டு மீட்டர் கம்பியில் ஐந்து ஆம்பியர் ஓடினாலே ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். பெட்டியின் மோட்டார் தொடங்கும்போது இன்னும் அதிகம். விளைவாக, பேட்டரியில் பாதிக்கு மேல் சேமிப்பு இருக்கும்போதே குளிர்பெட்டி தானாக அணைந்தது. காரணத்தைக் கண்டறிய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. சொன்னவுடன் மேஸ்திரி கூடுதல் பணம் கேட்காமல் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்துக் கொடுத்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே வேலை கொடுப்பவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் கம்பியின் தடிமனையும் ஃப்யூஸ் அளவையும் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்கத் திட்டமிட்டிருந்ததையும் நான் மாற்றச் சொன்னேன். எங்களுடையது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அது சுழியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் செல்கள் கெடும். இப்போது இருக்கைக்கு அடியில், உள்ளே இருக்கிறது.

கூரையில் 340 வாட் சூரியத் தகடு பொருத்தினோம். சூலை மாத மூடுபனியில் அது 60 வாட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜர்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும். தகடு பிறகு வரலாம்.

எரிவாயு உருளைக்கு வண்டியின் உட்புறத்தோடு தொடர்பில்லாத தனிப்பெட்டி செய்து, அதன் அடித்தளத்தில் துளை விட்டிருக்கிறார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கும் என்பதால் துளை அடியில்தான் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அவர்களின் பட்டியலில் இல்லை. நான் வாங்கிப் பொருத்தினேன்.

காகித வேலைகளில் பட்டறை தலையிடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதை உறுதிப்படுத்தியது. எங்கள் வண்டி ஏற்கெனவே கேரவனாகப் பதிவாகியிருந்ததாலும், இருக்கை எண்ணிக்கை, எஞ்சின், வெளி அளவுகள் எதையும் தொடாததாலும், பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்தபோது சிக்கல் எழவில்லை. சாதாரணப் பயணி வேனைக் கேரவனாக்க நினைப்பவர்கள், ஒரு திருகைக் கழற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேசிவிட வேண்டும்.

முதலில் சொன்ன மதிப்பீடு 5,80,000 ரூபாய், முடிந்தது 6,45,000. கூடிய தொகையின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் ஒப்புதல் கேட்டார்கள். காலம்தான் நீண்டது. பதினொரு வாரம் என்றது பதினேழு வாரமாயிற்று. வடகிழக்குப் பருவமழை குன்னூரில் கொட்டிய நாட்களில் ஈரக்காற்றில் வண்ணமும் பசையும் பிடிக்காது என்று வேலையை நிறுத்திவைத்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் அக்டோபரில் அப்படி நடக்கும் என்று ஆகஸ்டில் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சனவரியில் கொடுத்தால் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும் என்பதே என் கணிப்பு.

வண்டியை உண்மையாகச் சோதித்தது பழனி மலைப் பயணம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலை ஏறத்தாழ 64 கிலோமீட்டர், வளைவுகள் நெருக்கமானவை. இ-பாஸ் முன்பே எடுத்துக்கொண்டு, பெருமாள்மலைவரை விடாத மழையில் ஏறினோம். அலமாரிக் கதவுகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை, தரையில் ஒரு முனகல்கூட இல்லை. பூம்பாறையில் ஒரு தங்கும் விடுதியின் முற்றத்தில் அனுமதி பெற்று இரண்டு இரவுகள் தூங்கினோம். காலையில் எழுந்ததும் என் கை பழக்கத்தால் சுவரைத் தடவிப் பார்த்தது, காய்ந்திருந்தது. என் மனைவி மெத்தையைத் தூக்கி அடிப்பலகையை முகர்ந்து பார்த்தார். பிளைவுட் வாடை மட்டும்தான் இருந்தது.

சன்னல் கண்ணாடிகளின் உட்புறம் இன்னும் வியர்க்கிறது; ஒற்றைக் கண்ணாடியில் அதைத் தடுக்க முடியாது என்பதால் ஒரு துணியை அருகிலேயே வைத்திருக்கிறோம். ஓட்டுநர் பக்கத்துப் பின் சன்னலின் ரப்பர் பீடிங் ஒரு மூலையில் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. மே மாதக் கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன், அதை மாற்ற மேஸ்திரியிடம் நாள் வாங்கியிருக்கிறேன்.