விழுந்து எழும் மூன்று விதங்கள்

எங்கள் வீட்டில் தொண்ணூறுகளில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் முதல் தடவை வெறும் சாம்பல் திரைதான் வரும். கேசட்டைக் கழற்றி, அடியில் வாய் வைத்து ஊதி, லேசாகச் சாய்த்துச் செருகினால் படம் தெரியும். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருப்பார்கள். எண்ணினால் பத்தோ பன்னிரண்டோ தேறும். மீதியெல்லாம் அதே மாரியோதான், வேறு கட்டத்திலிருந்து ஓடத் தொடங்குவார்.

அந்தப் பெட்டி போன இடம் தெரியவில்லை. ஆனால் அதன் சாயலில் இன்றைக்கும் புதிய ஆட்டங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. சென்ற மாதம் தள்ளுபடி விலையில் மூன்றை வாங்கினேன்: 2014-இல் வந்த ஷவல் நைட், 2018-இல் வந்த செலஸ்ட், அதே ஆண்டில் வந்த தி மெஸஞ்சர். ஒவ்வொன்றையும் ஐந்தாறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். எதையும் இன்னும் முடிக்கவில்லை. கைத்திறனும் சுமார்தான். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நீங்கள் சின்ன வயதிலும் இப்படித்தான் ஆடினீர்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். ஆகவே நிபுணரின் தீர்ப்பை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

மூன்றுக்கும் கடையில் ஒட்டியிருப்பது 'ரெட்ரோ', அதாவது பழைய பாணி, என்ற ஒரே சீட்டு. ஆடிப் பார்த்தால் மூன்றும் மூன்று ஊர்.

பழைய கருவிக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது ஷவல் நைட். மண்வெட்டியை ஆயுதமாகக் கொண்ட ஒரு குட்டி நீல வீரன், தொலைந்துபோன தோழி ஷீல்டு நைட்டைத் தேடிப் போகிறான். வழியில் எட்டு வீரர்கள் மறிக்கிறார்கள். அமெரிக்காவின் யாட் கிளப் கேம்ஸ் என்ற சிறு குழு, 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் 75,000 டாலர் கேட்டு, 3 லட்சத்துக்கும் மேல் பெற்று இதைச் செய்து முடித்தது. முதல் பார்வையில் அப்படியே அந்தக் காலத்துக் கேசட்டிலிருந்து இறங்கி வந்தது போலிருக்கிறது. கூர்ந்து பார்த்தால்தான் ஏமாற்று வேலை தெரிகிறது. பழைய கருவியின் படம் 256-க்கு 240 பிக்சல், அதாவது படத்தைக் கட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள், கிட்டத்தட்ட சதுரம். இதிலோ படம் இன்றைய அகலத் திரையை நிறைக்கிறது. பழையதில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வந்துவிட்டால் மீதி தெரியாது. அதைச் சமாளிக்க உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், அதனால்தான் எதிரிகள் கூடும்போதெல்லாம் படம் மினுக்மினுக்கென்று துடிக்கும். எங்கள் வீட்டில் அதைக் கரண்ட் கோளாறு என்று நினைத்து அடாப்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஷவல் நைட்டில் அந்தத் துடிப்பே கிடையாது. நிறங்களிலும் பழைய வரம்பைத் தாண்டிச் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தத்தில் இது நம் நினைவில் இருக்கும் ஃபேமிகாம். நினைவு எப்போதும் அசலைவிட ஒரு சுற்று அழகாகத்தானே இருக்கும்.

செலஸ்ட்டுக்கு இந்த ஏக்கமெல்லாம் இல்லை. மலையேறக் கிளம்பிய கதாநாயகி மேட்லின் திரையில் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கிறாள், ஆனால் யாராவது பேசத் தொடங்கினால் நல்ல தெளிவான ஓவிய முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. இசையும் பியானோவும் சிந்தசைசருமாக லீனா ரெய்ன் அமைத்தது. பழைய கருவியில் அதை வாசிக்கவே முடியாது. இதைச் செய்தவர்களுக்குப் பிக்சல் ஒரு வரைமுறை, அவ்வளவுதான். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. எந்த விளிம்பு எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டிய ஆட்டம் இது, அதற்குக் கட்டம் கட்டமான படம்தான் தோதாக இருக்கிறது. இதன் முதல் வடிவம், மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் பிகோ-8 என்ற கற்பனைக் கருவிக்காக 2015-இல் நான்கே நாட்களில் செய்தது. 128-க்கு 128 பிக்சல், பதினாறு நிறம். அந்தக் குட்டி ஆட்டத்தைப் பெரிய ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய கணினியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தற்செயலாக அதைக் கண்டுபிடித்து, ஒரு முழு மாலையைத் தொலைத்தேன்.

தி மெஸஞ்சரின் குறும்பு வேறு மாதிரி. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த சபோடாஜ் ஸ்டூடியோவின் படைப்பு. நிஞ்ஜா ஒருவன் ஓர் ஓலைச்சுருளைச் சுமந்துகொண்டு அரக்கர் படைக்கு நடுவே ஓடுகிறான். முதல் சில மணி நேரம் எல்லாமே எட்டு பிட், அதாவது ஃபேமிகாம் காலத்துப் படமும் இசையும். அந்தக் காலத்து நிஞ்ஜா கெய்டன் ஆட்டத்தை ஆடியவர்களுக்குப் பழகிய வாடை. பாதி வழியில் கதை ஐந்நூறு ஆண்டுகள் தள்ளி எதிர்காலத்துக்குத் தாவுகிறது. தாவிய கணத்தில் படம் அடுத்த தலைமுறைக் கருவிகளின் பதினாறு பிட்டாகிறது, அதே மெட்டு வேறு சில்லின் குரலில் ஒலிக்கிறது. தட்டையாக இருந்த மலைகளுக்குப் பின்னால் இன்னும் மலைகள் முளைக்கின்றன. பக்கத்து வீட்டில் சேகாவின் பதினாறு பிட் பெட்டி வாங்கிய நாளில் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது வந்த அதே பொறாமை எனக்கு மறுபடி வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பொறாமையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டம் இது ஒன்றுதான்.

இசையில் மட்டும் போட்டி வைத்தால் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம். ஃபேமிகாமில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலித் தடங்கள் மொத்தம் ஐந்துதான். ஷவல் நைட்டின் இசையமைப்பாளர் ஜேக் காஃப்மன், ஜப்பானில் 1989-இல் கேசல்வேனியா என்ற ஆட்டத்தொடரின் ஒரு கேசட்டுக்குள் கொனாமி நிறுவனம் வைத்த விஆர்சி6 என்ற கூடுதல் ஒலிச் சில்லைக் கணக்கில் எடுத்து மேலும் மூன்று தடங்கள் சேர்த்துக்கொண்டார். மெகா மேன் என்ற பழைய ஆட்டத்தொடரின் முதல் ஆட்டத்துக்கு இசையமைத்த மனாமி மட்சுமேயும் இரண்டு மெட்டுகள் கொடுத்திருக்கிறார். முதல் கட்டத்து மெட்டு இரண்டு நாட்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. செலஸ்ட்டின் இசை முணுமுணுக்க வராது, ஆனால் ஆட்டத்தை அணைத்த பிறகும் அறையில் மிச்சமிருக்கும்.

சரி, படமும் பாட்டும் கிடக்கட்டும். இந்த வகை ஆட்டத்தில் உண்மையான கேள்வி ஒன்றுதான்: விழுந்தால் என்ன ஆகும்?

பழைய ஆட்டங்களில் மூன்று உயிர். தீர்ந்தால் முதலிலிருந்து. எங்கள் கேசட்டில் கான்ட்ராவுக்கு மட்டும் யாரோ புண்ணியவான் முப்பது உயிர் கொடுத்திருந்தார். மற்றதிலெல்லாம் ஏழாம் கட்டத்தில் செத்தால் சாப்பாட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தக் கொடுமையை என்ன செய்வது என்பதில்தான் மூன்று ஆட்டங்களும் மூன்று பக்கம் பிரிகின்றன.

ஷவல் நைட்டில் உயிர்க்கணக்கு கிடையாது. செத்தால் கையிலிருக்கும் தங்கத்தில் ஒரு பங்கு, சிறகு முளைத்த பைகளாகச் செத்த இடத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். திரும்பி அங்கே போனால் எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் பழைய பைகள் போய்விடும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆட்டத்தில் இது ஒரு வட்டிக்கடை. ஒரு பள்ளத்தின் நடுவில், இரண்டு நகரும் பலகைகளுக்கு இடையே மூன்று பைகள் சிறகடித்துக்கொண்டிருந்தன. கட்டத்தைத் தாண்ட அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. ஆனாலும் போனேன். விழுந்தேன். இன்னும் கொஞ்சம் பணம் போயிற்று. பேராசைக்காரனை அவன் காசாலேயே அடிப்பது என்றால் இதுதான்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. வழியில் ஆங்காங்கே விளக்குக் கம்பத்தில் கண்ணாடி உருண்டை எரிந்துகொண்டிருக்கும். அதைத் தொட்டுச் சென்றால், செத்தபின் அங்கிருந்து தொடரலாம். ஆனால் மண்வெட்டியால் அந்த உருண்டையையே உடைத்தால் உள்ளிருந்து தங்கம் கொட்டும். கொட்டியபின் அந்த இடம் நமக்கு உதவாது. அந்தக் காலத்துக் கொடுமையை நம் கையிலேயே கொடுத்து, வேண்டுமானால் விலைக்கு வாங்கிக்கொள் என்கிறார்கள். ஐந்தாறு மணி நேரத்தில் நான் ஓர் உருண்டையைக்கூட உடைக்கவில்லை.

தி மெஸஞ்சரில் செத்தால் குவார்பிள் என்றொரு குட்டிச் சாத்தான் வந்து காப்பாற்றுகிறது. அதற்குக் கூலியாக அடுத்த சிறிது நேரம் கூடவே பறந்து, நாம் காசுபோலச் சேர்க்கும் துண்டுகளையெல்லாம் தானே விழுங்குகிறது. வாயும் சும்மா இருப்பதில்லை. முதல் இருபது முறை சிரிப்பு வந்தது. அப்புறம் கல்யாண வீட்டில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்றுவிட்ட சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார். நடுவில் கடைக்காரர் ஒருவர் வேறு வந்து கதை சொல்கிறார், அவர் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி ஆட்டமே கிண்டல் செய்துகொள்வது ஓர் அளவுக்குத்தான் தாங்கும் என்றாலும், கடைக்காரருக்கு அந்த அளவு தெரிந்திருக்கிறது.

இந்த ஆட்டத்தின் உண்மையான பலம் கையில் இருக்கிறது. காற்றில் இருக்கும்போது எதையாவது வாளால் அடித்துவிட்டால் இன்னொரு தாவல் கிடைக்கும். எதிரியோ, தொங்கும் விளக்கோ, பறந்து வரும் குண்டோ எதுவானாலும் சரி. அடி, தாவு, அடி, தாவு என்று தரையைத் தொடாமலே ஒரு பள்ளம் முழுவதையும் கடக்கும்போது நானா ஆடுகிறேன் என்று எனக்கே சந்தேகம். ஆனால் பதினாறு பிட்டுக்குப் போனபின் ஆட்டம் வரைபடத்தை விரித்து, போன இடத்துக்கே மறுபடி போகச் சொல்கிறது. நேராக ஓடும் வரை இருந்த வேகம் அங்கே தளர்ந்துவிட்டது. நான் நிறுத்தியதும் அந்த இடத்தில்தான்.

செலஸ்ட்டில் செத்தால் ஒன்றும் ஆவதில்லை. நம்புங்கள், ஒன்றுமே. உருவம் சிதறும், கண்ணிமைக்கும் நேரத்தில் அதே அறையின் வாசலில் நிற்பீர்கள். பெரும்பாலும் ஓர் அறை என்பது ஒரு திரை அகலம்தான். சாவுக் கணக்கை மட்டும் விடாமல் எண்ணிவைத்து, அதற்காக வெட்கப்பட வேண்டாம், பெருமைப்படு என்று ஒரு தபால் அட்டையும் அனுப்புகிறது. என் கணக்கு நாலாம் அத்தியாயத்துக்குள் அறுநூறைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் சுலபமான ஆட்டமா என்றால், மூன்றில் இதுதான் கடினம். ஆனால் இதன் கடினத்தில் வஞ்சனை கிடையாது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போனபிறகும் பத்தில் ஒரு பங்கு நொடி வரை தாவலாம். கார்ட்டூனில் பாறை விளிம்பைக் கடந்து ஓடியும், கீழே குனிந்து பார்க்கும் வரை விழாமல் நிற்குமே அந்தக் கயோட்டி ஓநாய், அதன் பெயரைத்தான் இந்தச் சலுகைக்கு வைத்திருக்கிறார்கள். தலை கூரையின் மூலையில் இடித்தால் ஆட்டமே சில பிக்சல்கள் பக்கவாட்டில் நகர்த்தி மேலே ஏற்றிவிடும். இதெல்லாம் திரையில் தெரியாது. தாவல் சரியாக விழுந்துவிட்டது, நாம்தான் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வோம். சைக்கிள் பழகும்போது பின்னால் ஓடி வந்த அப்பா எப்போது கையை எடுத்தார் என்பது தெரியாதே, அதுபோல. மேட்லினின் முடி சிவப்பாக இருந்தால் காற்றில் ஒரு பாய்ச்சல் மிச்சம், நீலமானால் தீர்ந்தது. கணக்குப் பலகை, எண், பட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது போதாதென்றால் ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளவும், சாவே இல்லாமல் ஆடவும் ஒரு வசதி உண்டு. யாரும் கேலி செய்வதில்லை.

நாலாம் அத்தியாயத்தின் கடைசியில் மலைக்கு மேலே ஒரு கம்பிவண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. மேட்லினுக்கு மூச்சு முட்டுகிறது. கூட வரும் தியோ, ஒரு இறகை மனதில் நினைத்துக்கொள், மூச்சால் அதை மிதக்க வை என்கிறான். திரையில் இறகு வருகிறது. பொத்தானை அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். அவ்வளவுதான் அந்தக் காட்சி. அழுத்தி விடும் தாளத்தில் என் மூச்சும் சேர்ந்துகொண்டதை அக்கா மகன் சொன்னபிறகுதான் கவனித்தேன். 2018-இன் கேம் அவார்ட்ஸில் செலஸ்ட்டுக்குச் சிறந்த தனிக்குழு ஆட்டம் விருது கிடைத்தது, தி மெஸஞ்சருக்கு அறிமுகக் குழுக்களுக்கான விருது. அந்த இரண்டு முடிவுகளிலும் எனக்கு வழக்கில்லை.

எதை வாங்குவது என்று கேட்டால்: கேசட் ஊதிய தலைமுறைக்கு ஷவல் நைட். முதல் பத்து நிமிடத்தில், குமிழி விடும் டிராகனின் தலைமேல் மண்வெட்டியை ஊன்றிக் குதிக்கும்போதே காசு தேறிவிடும். ஃபேமிகாமைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும், விரல் வேகம் குறைந்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்களுக்கும் செலஸ்ட். தி மெஸஞ்சரை முதல் பாதிக்காக மட்டுமே வாங்கலாம், தள்ளுபடியில். நான் தினமும் திறப்பது செலஸ்ட். ஆனால் ஆடி முடித்துவிட வேண்டும் என்று நினைப்பது ஷவல் நைட்.

ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா மகன் அதைக் கொஞ்ச நேரம் ஆடினான். வழியில் வந்த முதல் கண்ணாடி உருண்டையைத் தயங்காமல் உடைத்தான். தங்கம் கொட்டியது. அள்ளினான். அடுத்ததையும் உடைத்தான். மூன்றாவதையும். வேண்டாமடா என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் பள்ளத்தில் விழுந்து, கட்டத்தின் தொடக்கத்துக்கே போய்விட்டான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் ஓடத் தொடங்கினான்.